அமாவாசை பார்த்துத் தேதி வையுங்கள்: எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட 'பிக் பெண்ட் விண்மீன் திருவிழா' ஃப்ளையரைப் பார்த்தேன். சங்கத்து பிக்னிக் என்றால் ஏரிக்கரை, பார்பிக்யூ, சாக்கு ஓட்டம் என்றே பழகிப்போன நமக்கு, மேற்கு டெக்சாஸ் பாலைவனத்துக்குப் போய் வானம் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். யாருடைய யோசனையோ, அவருக்கு என் கும்பிடு. ஆனால் அந்த ஃப்ளையரை ஊன்றிப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. குழுவிலேயே பதில் போட்டிருக்கலாம். அங்கே நாலு பத்தி எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கும் சோஃபா விற்பனைக்கும் நடுவில் அது காணாமல் போய்விடும். பணம் கட்டப்போகும் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

ஃப்ளையர் சொல்வது இது. நவம்பர் 26 முதல் 29 வரை, தேங்ஸ்கிவிங் விடுமுறையில், எண்பது பேரோடு வாடகைப் பேருந்தில் பயணம். இரவில் கேம்ப்ஃபயர், கரோக்கே, ட்ரோன் வீடியோ. கடைசி வரியில், 'வசதிப்பட்டால் நட்சத்திரம் பார்த்தல்'. பின்னணியில் பாறைமேல் எழும்பி நிற்கும் பால்வெளியின் அழகான படம் ஒன்று.

முதலில் தேதி. 2026 நவம்பர் 24 பௌர்ணமி. திருக்கார்த்திகைப் பௌர்ணமி அதுதான். நீங்கள் குறித்திருக்கும் முதல் இரவு அதற்கு இரண்டு நாள் தள்ளி. சூரியன் மறைந்து, அந்தி வெளிச்சம் முழுதும் வடிந்து, கண் இருட்டுக்குப் பழகத் தொடங்கும் நேரத்தில் கிழக்கே நிலா எழுந்துவிடும். அதன்பின் விடியும்வரை அதுவே வானத்தை ஆளும். நகர விளக்கே இல்லாத இடத்தில் அந்த நிலவொளியில் செய்தித்தாளின் தலைப்பை வாசிக்கலாம், கள்ளிச்செடியின் நிழல் மணலில் விழுவதைப் பார்க்கலாம். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் பால்வெளி தெரியாது. மங்கலான நட்சத்திரம் எதுவும் தெரியாது. நம் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்குத்தான் வானம் இருக்கும். அதற்காகப் பத்து மணி நேரம் போல வண்டி ஓட்ட வேண்டுமா?

ஃப்ளையரில் இருக்கும் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் தெரிவது பால்வெளியின் மையப்பகுதி, மூல நட்சத்திரத்தை ஒட்டிய வானம். கார்த்திகை மாதம் சூரியன் விருச்சிகத்தில், மார்கழியில் தனுசில் என்று பஞ்சாங்கம் புரட்டிய யாருக்கும் தெரியும். அந்தப் பகுதிக்குள் சூரியனே போய் உட்கார்ந்திருக்கும் மாதங்கள் அவை. நவம்பர் கடைசியில் எந்த இரவும் அந்தப் படத்தைக் காட்டாது. நிலா இல்லாவிட்டாலும் காட்டாது. படத்தை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

லாங் வீக்கெண்ட் கிடைத்தால்தான் எல்லாரும் வருவார்கள் என்ற உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. தீபாவளி விழாவை நவம்பர் கடைசிக்கும், பொங்கல் விழாவைப் பிப்ரவரிக்கும், பள்ளிக்கூட அரங்கம் கிடைக்கும் சனிக்கிழமைக்கு ஏற்றபடி நாம் நகர்த்தித்தான் நடத்துகிறோம். அதில் எனக்கு வருத்தமில்லை. நிலாவை மட்டும் அப்படி நகர்த்த முடியாது. இந்த ஒரு பயணத்துக்குத் தேதியை முதலில் வானத்திடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விடுமுறையைத் தேடுங்கள். நான் கேட்பது அடிப்படையில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

பிக் பெண்ட் ஏன் அவ்வளவு இருட்டு என்பதைத் தெரிந்துகொண்டால் தேதிக்காக நான் ஏன் இப்படி வாதாடுகிறேன் என்பது புரியும். ரியோ கிராண்டே ஆறு வளைந்து திரும்பும் முழங்கையில், மெக்சிகோ எல்லையில், எட்டு லட்சம் ஏக்கரில் கிடக்கிற பூங்கா அது. 1944-இல் தேசியப் பூங்கா ஆனது. பக்கத்தில் பெருநகரம் எதுவும் இல்லை. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலேயே ஒளி மாசு மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. 2012-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற சான்றிதழ் கிடைத்தது. 2022-இல் இந்தப் பூங்காவையும், வடக்கே ஃபோர்ட் டேவிஸ் மலைமேல் இருக்கும் மெக்டொனால்ட் வானாய்வகத்தையும், ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் காப்புக்காடுகளையும் சேர்த்து 15,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அறிவித்தபோது உலகிலேயே பெரியது அதுதான்.

அந்த இருட்டு தானாக நிலைத்துவிடவில்லை. வானாய்வகத்தைச் சுற்றிய ஏழு கவுன்டிகளில் வெளிவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒளி கீழே மட்டும் விழும்படி மூடி போட்ட விளக்குகள். பெட்ரோல் பங்குக்காரரும் பண்ணைக்காரரும் கடைக்காரரும் விளக்கை மாற்றிக்கொண்டு காப்பாற்றிவரும் இருட்டு அது. வடக்கே பெர்மியன் எண்ணெய் வயல்களில் எரியும் வாயுச் சுடர்களின் வெளிச்சம் ஏற்கெனவே அடிவானத்தைத் தொடுகிறது. ஊரார் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பதற்குள் நாம் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் எடுத்துக்கொண்டு போவது, சபாவில் ஆலாபனை நடக்கும்போது செண்டை மேளத்தோடு உள்ளே நுழைவது மாதிரி.

சரி, எந்தத் தேதி? நவம்பர் 8 தீபாவளி. நிலாக் கணக்கில் அருமையான இரவு. ஆனால் தீபாவளியன்று பாலைவனத்துக்கு வா என்றால் யாரும் வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன். அக்டோபர் 10 அதைவிட அருமை: சரியாக அமாவாசை, சனிக்கிழமை, திங்கள் கொலம்பஸ் தின விடுமுறை. ஃப்ளையரில் இருக்கும் அந்தப் பால்வெளி மையத்தையும் இருட்டிய முதல் ஒரு மணி நேரம் தென்மேற்கில் பார்க்கலாம். வானத்தை மட்டும் கேட்டால் அதுதான் நாள். ஆனால் அது மகாளய அமாவாசை. மறுநாள் கொலு. இதை எங்கள் வீட்டில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கிடைத்த பதிலை இங்கே எழுதவில்லை.

ஆகவே நான் முன்வைப்பது டிசம்பர் 11 முதல் 14 வரை. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகள். அமாவாசை கழிந்து சில நாட்களே ஆகியிருக்கும். இளம்பிறை சனிக்கிழமை ஒன்பது மணியளவில் மேற்கே இறங்கிவிடும், ஞாயிறன்று இன்னும் ஒரு மணி நேரம் கழித்து. அதன்பின் விடியும்வரை சுத்தமான இருட்டு. அதோடு ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம் பெறுவது ஞாயிறு இரவு, 13 விடிந்து 14. வருடத்தில் வரும் எரிகல் பொழிவுகளில் பெரியது இது. மற்றப் பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசியால் வருகிறவை. இதற்குக் காரணம் ஃபேத்தான் என்ற சிறுகோள், 1983-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல இருட்டில், உச்ச இரவில், நள்ளிரவுக்குமேல் மணிக்கு நூறு வரைகூட எண்ணலாம். தொலைநோக்கி வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். பாயை விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து படுத்தால் போதும்.

பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வாரம் அது என்பது தெரியும். தேர்வு இருக்கிற குடும்பங்கள் சனி இரவைப் பார்த்துவிட்டு ஞாயிறு நன்றாகத் தூங்கி எழுந்து கிளம்பலாம். எண்ணிக்கை குறையும், ஆனாலும் எரிகல் விழும். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறும் தங்கட்டும்.

அந்த இரவு எப்படிப் போகும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் நிகழ்ச்சி நிரலில் இரவுக்கு ஒரே வரி ஒதுக்கியிருக்கிறீர்களே, அதற்காக. ஏழரைக்கு முழு இருட்டு. எட்டு மணிக்குத் தெற்கே சனி நன்றாக உயர்ந்து நிற்கும். சின்னத் தொலைநோக்கியிலேயே வளையம் தெரியும், இப்போது அது ஒல்லியாகத்தான் இருக்கும். தலைக்கு மேலே ஆண்ட்ரோமெடா பேரடை, வெறுங்கண்ணுக்குப் புகைத் திட்டாக. அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பதினொரு மணி சுமாருக்குக் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே வரும். நகரத்தில் ஒரு மங்கல் கறையாகத் தெரிவது அங்கே ஆறு, ஏழு என்று தனித்தனியாகப் பிரியும். கூர்ந்த கண் உள்ள பிள்ளைகள் இன்னும் கூடுதலாக எண்ணுவார்கள். கிழக்கே மகத்தை ஒட்டி வியாழனும் அதன் பின்னால் செவ்வாயும் ஏறிவரும்.

நள்ளிரவு தாண்டியதும் தெற்கே திரும்புங்கள். திருவாதிரை, அதற்குக் கீழே வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். சிரியஸிலிருந்து நேர் கீழே இறங்கினால், கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அளவில் மூன்றரை முஷ்டி தூரத்தில், அடிவானத்துக்குச் சற்று மேலே இன்னொரு பெரிய நட்சத்திரம். அதுதான் அகத்தியர். ஆங்கிலத்தில் கனோபஸ் என்பார்கள், இரவு வானில் பிரகாசத்தில் இரண்டாவது. சென்னையில் 24 பாகை உயரம் வரை ஏறும். பிக் பெண்டில் எட்டுப் பாகைதான், அதிகாலை இரண்டு மணிக்கு முன்பின். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு அது எழுவதே இல்லை. டெக்சாஸில் இருக்கிற நமக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. ஆனால் தெற்கு அடிவானம் திறந்திருக்க வேண்டும். நீங்கள் தங்க நினைத்திருக்கும் சீசோஸ் பேசின் நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளம். அகத்தியரை அங்கே மலை மறைத்துவிடும். பூங்காத் தலைமையகம் இருக்கும் பேந்தர் ஜங்ஷனுக்கு வடக்கே ஃபாஸில் டிஸ்கவரி காட்சியகத்தை ஒட்டிய திறந்தவெளி நல்லது. சீசோஸ் மலை தெற்கே தெரிந்தாலும் தொலைவில், தாழ்ந்துதான் தெரியும். எரிகல் பார்க்கவும் அதுவே வசதி. ஜெமினிட்டுகள் புனர்பூசம் பக்கமிருந்து கிளம்பினாலும் வானம் முழுக்கக் கோடு போடும், அதனால் எந்தப் பக்கமும் அடைபடாத இடம் வேண்டும்.

இரண்டு, மூன்று மணிக்கு வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் முழுசாக எழுந்திருக்கும். வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையைக் காட்டி, அதோ தெரிகிறது என்று புரோகிதர் சொல்ல, நாமும் தலையாட்டினோமே, அதே அருந்ததி. தம்பதி சமேதராக வந்து கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். நாலரை மணிக்குள் விடிவெள்ளி.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ஃப்ளையரில் 'பெரியவர்களுக்கு: ஓய்வு' என்று போட்டிருக்கிறீர்கள். விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதமாக ஜன்னல் வழியே பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் அப்பா அம்மாக்களில் பலர், மொட்டைமாடியிலும் களத்துமேட்டிலும் படுத்து வளர்ந்தவர்கள். விடிவெள்ளி முளைத்ததைப் பார்த்து ஏர் பூட்டக் கிளம்பியவர்கள்கூட அவர்களில் உண்டு. செயலி வைத்து நாம் தேடுவதை அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். ஓய்வு வேண்டாம், அவர்களிடம் வானத்தை ஒப்படையுங்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட்டும், சாயும் நாற்காலியும், ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பியும் கொடுத்தால் போதும். டிசம்பர் இரவில் அங்கே குளிர் உறைநிலை வரை இறங்கக்கூடும். இதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கேம்ப்ஃபயர். பிக் பெண்டில் விறகு எரிப்பதும் தரையில் தீ மூட்டுவதும் பூங்கா முழுவதும் தடை. அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்ந்த புல்லும் காற்றும் உள்ள நிலம். 2019-இல் ஆற்றுக்கு அக்கரையில் தொடங்கிய தீ இக்கரைக்குத் தாவி, காஸ்டலான் என்ற இடத்தில் வரலாற்றுச் சின்னமாக வைத்திருந்த கட்டடத்தை எரித்துவிட்டது. கேஸ் அடுப்பில் சமைக்கலாம். மத்தாப்பு, பட்டாசு மிச்சம் இருக்கிறதே என்று யாராவது பையில் போட்டுக்கொண்டு வந்தால் தயவுசெய்து வாங்கி வைத்துவிடுங்கள். ட்ரோனும் அப்படித்தான். 2014 முதல் தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடத் தடை, பிடித்தால் அபராதம். கரோக்கே பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. இரவு பத்து மணிக்குமேல் முகாம்களில் அமைதி நேரம். அதோடு அந்தப் பாலைவனத்தின் நிசப்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் மைக்கைத் தேடமாட்டீர்கள். பாடத் தெரிந்தவர்கள் மைக் இல்லாமல், மெல்லப் பாடட்டும். அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். விழித்திரையில் ரொடாப்சின் என்ற பொருள் மெல்ல மெல்லச் சேர்ந்தால்தான் மங்கல் ஒளி தெரியும். யாராவது ஒருவர் ஃபோன் திரையை ஏறிட்டுப் பார்த்தால் அவருக்கு அது கலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. ஃபோன் டார்ச்சை அடித்தாலோ சுற்றியிருக்கும் எல்லாருக்கும் அதே கதி. சிவப்பு ஒளி மட்டும் அவ்வளவாகக் கெடுக்காது. ஆகவே டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளலாம், அல்லது சிவப்பு விளக்குள்ள ஹெட்லேம்ப் வாங்கலாம். சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. டி-சர்ட்டுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் தாராளமாக முடியும்.

அப்புறம் வண்டிகள். நம்மவர்களின் எஸ்யூவிகள் கதவைத் திறந்தால் உள்விளக்கு, பூட்டினால் முகப்பு விளக்கு, பின்கதவைத் தூக்கினால் இன்னொரு விளக்கு என்று தீபாராதனை காட்டும். கிளம்புமுன் அவரவர் வண்டியின் செட்டிங்கில் போய் அவற்றை அணைக்கக் கற்றுக்கொள்ளட்டும். முடியாதவர்கள் தேவையானதை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, இருட்டியபின் வண்டிப் பக்கமே போகாமல் இருக்கலாம். வாடகைப் பேருந்தின் விளக்குகளோ நம் கையில் இல்லை. அந்த யோசனையைக் கைவிடுங்கள். அதைவிடப் பெரிய குறை, உங்கள் திட்டத்தில் ஒரே ஓர் இரவுதான் உண்மையில் வானத்துக்கு என்று இருக்கிறது. அன்று மேகம் மூடினால் என்ன செய்வது? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் ஒரு நாள் முழுக்க வானம் தெரியாமல் போகலாம். குறைந்தது இரண்டு இரவு வேண்டும் என்பது வானம் பார்ப்பவர்களின் பாலபாடம்.

இரவு மூன்று மணி வரை விழித்திருந்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வண்டியை எடுக்கும் திட்டத்தையும் மாற்றுங்கள். அந்தச் சாலைகளில் தூக்கக் கலக்கம் உயிருக்கு ஆபத்து. பூங்காவுக்குள் வேக வரம்பு 45 மைல், இரவில் மானும், பன்றி போன்ற ஹாவலினாவும் சாலையில் நிற்கும். நல்ல மருத்துவமனை என்றால் நூறு மைல் தள்ளி ஆல்பைனில். பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ள வேண்டும். மராத்தான் என்ற சிற்றூரைத் தாண்டினால் பேந்தர் ஜங்ஷன் வரை எழுபது மைல் வெறும் சாலை, அங்கேயே தொட்டியை நிரப்பிவிடுவது நல்லது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர்.

சாப்பாடு விஷயத்தில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், புளியோதரையும் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே உண்டானவை. ஆனால் அங்கே கருங்கரடி உண்டு. முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டியில் உணவை வைத்துப் பூட்ட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குப் பொட்டலம்கூட இருக்கக்கூடாது.

ஃப்ளையரில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கிறது. பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும் நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடி உண்டு. எல்லா வண்டியையும் நிறுத்திக் குடியுரிமை பற்றிக் கேட்பார்கள். ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர் விசா, விசிட்டர் விசா, கிரீன் கார்டு என்று யார் எதில் இருந்தாலும் அசல் ஆவணங்கள் கையில் இருக்கட்டும். பெற்றோரின் பாஸ்போர்ட்டை வீட்டு லாக்கரில் வைத்துவிட்டு வந்து அங்கே நின்று கையைப் பிசைய வேண்டாம். பொக்கியாஸ் கிராமத்துக்குப் படகில் ஆற்றைக் கடந்து மெக்சிகோவில் சாப்பிட்டு வரலாம் என்று யாரோ குழுவில் ஆசை காட்டியிருந்தார்கள். அது வெளிநாடு. திரும்பி நுழையும்போது விசா கேள்வி வரும். முத்திரை காலாவதியானவர்கள் இக்கரையோடு நிற்பது நல்லது.

வெள்ளிக்கிழமைக்கும் ஒரு யோசனை உண்டு. நேராகப் பூங்காவுக்குப் போகாமல், முதல் இரவு ஃபோர்ட் டேவிஸில் தங்கி மெக்டொனால்ட் வானாய்வகத்தின் 'ஸ்டார் பார்ட்டி'க்குப் போகலாம். செவ்வாய், வெள்ளி, சனி மாலைகளில் நடத்துகிறார்கள், முன்பதிவு வேண்டும். பச்சை லேசர் கொண்டு வானத்தைச் சுட்டிக்காட்டி வகுப்பு எடுத்துவிட்டு, வரிசையாக வைத்த தொலைநோக்கிகளில் பார்க்க விடுவார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாலபாடம் கிடைக்காது. அடுத்த இரண்டு இரவும் பூங்காவில் தாங்களாகவே தேடிக்கொள்வார்கள்.

அந்த ஆய்வகத்தின் கதையில் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. டெக்சாஸின் பாரிஸ் நகரத்து வங்கிக்காரர் மெக்டொனால்ட் 1926-இல் இறந்தபோது, வானாய்வகம் கட்டச் சொல்லித் தன் சொத்தில் பெரும்பகுதியை டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள், அது தனிக் கதை. பணம் வந்தபோது பல்கலைக்கழகத்தில் வானியலாளர்களே இல்லை. ஆகவே சிகாகோ பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து, அதன் யெர்க்ஸ் வானாய்வகத்தின் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவேயை இதற்கும் முதல் இயக்குநர் ஆக்கினார்கள். 82 அங்குலத் தொலைநோக்கி 1939-இல் திறக்கப்பட்டது. அதே ஸ்ட்ரூவேதான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை யெர்க்ஸுக்கு அழைத்தவர். 1937-இல் அங்கே சேர்ந்த சந்திரசேகர் கடைசிவரை சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். 1983-இல் இயற்பியல் நோபல் பரிசு. நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் அவர் பெயர் ஒரு வினாடி-வினாக் கேள்வியாகத்தான் தெரியும். மலையில் அந்த வெள்ளைக் கும்மட்டத்தின் அடியில் நின்று சொன்னால் வேறு மாதிரி பதியும். அங்கேயே 107 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் உண்டு. 1970-இல் ஊழியர் ஒருவர் அதன் கண்ணாடியைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். அந்தத் துளைகளோடுதான் அது இன்றும் வேலை செய்கிறது. பிள்ளைகள் சந்திரசேகரை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள் என்பது என் அனுமானம்.

எண்பது பேர் என்ற இலக்கையும் ஒருமுறை யோசியுங்கள். முகாமில் சாதாரண இடம் ஒன்றுக்கு எட்டுப் பேர்தான். பெரிய கூட்டமாக நிகழ்ச்சி நடத்தினால் பூங்கா நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்க வேண்டிவரும். பேனர், மேடை, பொன்னாடை எல்லாவற்றையும் பொங்கல் விழாவுக்கு வைத்துக்கொண்டு, ஐந்தாறு குடும்பம் சேர்ந்த குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவர் பொறுப்பு என்று விட்டால் சமாளிக்கலாம். கூடாரத்தில் தூங்க முடியாத பெரியவர்களுக்கு டெர்லிங்குவாவிலோ மராத்தானிலோ அறை எடுக்கலாம். அங்கேயும் வானம் இருட்டுதான்.

முகாம் இடங்களின் முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பு திறக்கும். டிசம்பர் 12-ஆம் தேதி இரவுக்கு ஜூன் 12 காலையில் கணினி முன்னால் உட்கார வேண்டும், ஞாயிறு இரவுக்கு மறுநாள். தேங்ஸ்கிவிங் வாரம் போல டிசம்பர் நடுவில் கூட்டம் இருக்காது. ஆனால் நமக்கு வேண்டியது அடுத்தடுத்த பல இடங்கள், அதனால் தாமதிக்க முடியாது. ஜூன் முதல் வாரத்துக்குள் செயற்குழு கூடி, தேதியை மாற்றுவதா இல்லையா என்று குழுவில் ஒரு வரி போடுங்கள். மாற்றினால் முன்பதிவு வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியும் வரும், ஆனால் அது பின்சீட் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேருக்கு யாராவது வண்டியில் இடம் தர வேண்டும்.

மாற்றாவிட்டால், நவம்பர் பயணத்துக்கு 'திருக்கார்த்திகை நிலா உலா' என்று பெயர் வைத்து, அந்தப் பால்வெளிப் படத்தை எடுத்துவிடுங்கள். அதற்கும் நான் பணம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் ஒருவர்